மாமியாரின் முழங்காலும் என் தலையணையும்

"எழுபது" என்றார் டாக்டர்.

"இல்லை டாக்டர், எனக்கு அறுபத்தேழுதான் ஆகுது" என்றார் என் மாமியார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "வயசைச் சொல்லலைம்மா. உங்க முழங்கால் எத்தனை டிகிரி மடங்குதுன்னு சொன்னேன்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆபரேஷன் ஆகி அஞ்சு வாரம் முடிஞ்சுபோச்சு. இந்நேரம் தொண்ணூறாவது வந்திருக்கணும். நீட்டும்போதும் கால் முழுசா நேரா வரலை, பதினஞ்சு டிகிரி குறையுது. வீட்டில எக்சர்சைஸ் ஒழுங்கா நடக்குதா?"

நான் தரையைப் பார்த்தேன். அத்தை சுவரைப் பார்த்தார்.

"இன்னும் மூணு வாரம் டைம் தர்றேன். அதுக்குள்ள தொண்ணூறு வரலைன்னா, மறுபடி மயக்க மருந்து கொடுத்துத்தான் காலை மடக்கிவிட வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர்.

அன்றைக்கு ஆடிப்பெருக்குக்கு மறுநாள். கல்யாணமாகி உறையூருக்கு வந்த நாளிலிருந்து ஆடிப் பதினெட்டுக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போகாத வருஷமே அத்தைக்குக் கிடையாது. முதல் தடவையாக அந்த வருஷம் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்தபடியே, சொம்புத் தண்ணீரில் பூப் போட்டுக் கும்பிட்டார். "அடுத்த வருஷம் நடந்தே வருவீங்க பாருங்க" என்று நான் ஆறுதல் சொன்னேன். மறுநாளே டாக்டர் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்?

ஆட்டோவில் திரும்பி வரும்போது அத்தை வாயே திறக்கவில்லை. எனக்குள் மட்டும் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. அவர் கால் மடங்காமல் போனதற்குக் காரணம் வேறு யாருமில்லை, நான்தான். அதுவும் கவனிப்புக் குறைவினால் அல்ல, கவனிப்பு அதிகமானதால்! அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நம் வீடுகளில் அம்மாவுக்கோ மாமியாருக்கோ இந்த ஆபரேஷன் நடக்காத தெருவே இன்று இல்லை. நான் செய்த தவறை நீங்கள் செய்யாமல் இருந்தால் சரி.

ஏன் இந்த ஆபரேஷன்?

அத்தைக்குப் பத்து வருஷமாகவே மூட்டு வலி. தைலம், ஒத்தடம், மாத்திரை, மூட்டுக்குள் ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. எலும்புகளின் முனையை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசுவதை எக்ஸ்ரேயில் காட்டினார்கள். வலது கால் வில்லாக வளைந்தே போயிருந்தது. ராத்திரி புரண்டு படுத்தால் முனகல் கேட்கும். வாசல் தெளிக்கவும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்.

"ஆபரேஷன்னா முட்டியையே வெட்டி எடுத்துடுவாங்களாமே?" என்று பயந்தார். டாக்டர் விளக்கியபோதுதான் எங்களுக்கே புரிந்தது. மூட்டை முழுசாக எடுப்பதில்லை. தொடை எலும்பின் கீழ் முனையையும் கால் எலும்பின் மேல் முனையையும் சில மில்லிமீட்டர் மட்டும் செதுக்கிவிட்டு, உலோகத் தொப்பி போல ஒன்றைப் பொருத்துகிறார்கள். நடுவில் வழுக்கிக்கொண்டு அசைய கெட்டியான பிளாஸ்டிக் தகடு. சொத்தைப் பல்லைச் சீவி மேலே தொப்பி போடுகிறார்களே, அதே மாதிரிதான்.

"பிரதமரா இருந்தப்பவே வாஜ்பாய் 2000-ல இடது காலுக்கும் 2001-ல வலது காலுக்கும் பம்பாய்ல போய்ச் செஞ்சுக்கிட்டாரும்மா" என்று என் கணவர் தைரியம் சொன்னார். "அவருக்கென்ன, கோலம் போடணுமா, காவேரிப் படி இறங்கணுமா?" என்றார் அத்தை. ஆனாலும் வலி தாங்காமல் சம்மதித்தார். செலவும் முன்பு போல இல்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு இந்தச் செயற்கை மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. சாதாரணமாகப் பொருத்தும் கோபால்ட் குரோமியம் மூட்டு, ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது, வரி தவிர 54,720 ரூபாய் என்று இறங்கியது.

டாக்டர் அப்போதே ஒன்று சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை. "மூட்டை மாத்தறது என் வேலை. ரெண்டு மணி நேரத்தில் முடிச்சிடுவேன். அதை மடக்க வைக்கிறது உங்க வேலை. அதுக்கு மூணு மாசம் ஆகும்."

தலையணை செய்த வேலை

ஆனி மாத நடுவில் ஆபரேஷன் நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது கால் 75 டிகிரி மடங்கியது. படம் போட்ட ஒரு காகிதத்தைக் கொடுத்து, தினமும் மூன்று வேளை இந்தப் பயிற்சிகளைச் செய்யவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காகிதம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேலே பத்திரமாக இருந்தது!

முதல் நாளே அத்தை வலியில் துடித்தார். படுத்தபடி முழங்காலை லேசாக மடக்கி வைத்தால் வலி கொஞ்சம் அடங்குகிறது என்றார். நான் ஓடிப்போய் நல்ல இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து முழங்காலுக்கு அடியில் வைத்தேன். "அப்பாடா, நல்லா இரு தாயீ" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து இரவும் பகலும் தலையணை அங்கேயே இருந்தது.

பயிற்சி? ஆரம்பிப்போம். இரண்டு தடவை மடக்குவார், மூன்றாவது தடவை கண்ணில் நீர் வந்துவிடும். "போதும் அத்தை, சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்பேன். சாயங்காலம் யாராவது பார்க்க வந்துவிடுவார்கள். வருகிறவர்கள் எல்லாரும், "வயசான காலத்துல ஏன் படுத்துறீங்க? நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்பார்கள். கரூரிலிருந்து வந்த நாத்தனார் பத்து நாள் தங்கி, தண்ணீர்ச் சொம்பைக்கூட அம்மாவின் கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்லாரும் அன்பானவர்கள்தான். ஐந்து வாரத்தில் 75 டிகிரி 70 ஆனதுதான் மிச்சம்.

அது ஏன் என்று பிறகு வீட்டுக்கு வந்த பிசியோதெரபிப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அறுத்த இடம் ஆறும்போது வெளியே தழும்பு விழுவது போல மூட்டுக்கு உள்ளேயும் தழும்புச் சதை உண்டாகிறது. ஆரம்ப வாரங்களில் அது இளசாக இருக்கும், இழுத்தால் இழுபடும். காலை அசைக்காமல் வைத்திருந்தால் அப்படியே இறுகி, பிசின் மாதிரி மூட்டைப் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அதை இளக்குவது கடினம். அதனால்தான் முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு இத்தனை மதிப்பு.

தலையணையின் கதையோ இன்னும் மோசம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் கால் அரை மடக்கிலேயே இருக்கிறது. பின்புறத் தசைநார்கள் அந்த நீளத்துக்கே சுருங்கிவிடுகின்றன. அப்புறம் கால் நேராக நீளாது. நீளாத காலோடு நடந்தால் ஒரு கால் குட்டையானது போல நொண்ட வேண்டியிருக்கும், தொடையும் சீக்கிரம் களைத்துவிடும். "மடங்கறதைப் பத்தித்தான் எல்லாரும் கவலைப்படறாங்க அக்கா. நீளறதும் அதே அளவு முக்கியம்" என்றாள் அந்தப் பெண். வந்ததும் அவள் செய்த முதல் காரியம், அந்தத் தலையணையை எடுத்து என் கையில் கொடுத்ததுதான்.

டிகிரிக் கணக்கு

கால் நேராக நீட்டியிருந்தால் அது 0 டிகிரி. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் நேராக ஊன்றினால் 90. இதை வைத்துக்கொண்டு எந்த வேலைக்கு எவ்வளவு மடக்கு வேண்டும் என்று அவள் கணக்குச் சொன்னாள். ஏறக்குறையத்தான், ஆளுக்கு ஆள் சிறிது மாறும்.

சமதரையில் நடக்க 65 முதல் 70 வரை.
மாடிப்படி ஏற 85 போல.
படி இறங்க 90-க்கு மேல்.
சாதாரண நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்க 95 போல.
தாழ்வான சோபாவிலிருந்து எழுந்திருக்க 105 போல.
சம்மணமிட, குந்தி உட்கார 130-க்கும் மேல்.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு 110 முதல் 120 வரை வந்தால் நல்ல பலன் என்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் ஒருவருக்குக் கால் எவ்வளவு மடங்கியதோ அதைப் பொறுத்துத்தான் பின்னால் வருவதும் பெரும்பாலும் அமையும். அத்தைக்கு முன்பு 105 இருந்தது. ஆக, எங்கள் இலக்கு அதுதான். ஆபரேஷனுக்காகக் காத்திருப்பவர்கள் முன்கூட்டியே தொடைத் தசைக்குப் பயிற்சி செய்துவைத்தால் நல்லது என்பதும் இதனால்தான்.

கேட்டுக்கொண்டே இருந்த அத்தை, "அப்போ எழுபதை வச்சுக்கிட்டு நான் நடக்கத்தான் முடியும், காவேரிப் படி இறங்க முடியாது, அப்படித்தானே?" என்றார்.

"ஆமாம் பாட்டி" என்றாள் அந்தப் பெண். ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். நானாக இருந்தால் மழுப்பியிருப்பேன்.

மூன்று வாரத் தவம்

எங்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்தவற்றை விவரமாக எழுதுகிறேன். ஒவ்வொருவர் காலும் ஒவ்வொரு விதம். ஆகவே உங்கள் டாக்டரையும் பிசியோதெரபிஸ்டையும் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

முதலாவது, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. படுக்கையில் இருக்கும்போதெல்லாம், மணிக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து தடவை. கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து போகாமல் இருக்க இது உதவும்.

இரண்டாவது, காலை நீட்டிவைத்து, முழங்காலின் பின்பக்கத்தால் மெத்தையை அழுத்துவது. தொடை கல் மாதிரி இறுக வேண்டும். ஐந்து எண்ணும் வரை அழுத்தி, பிறகு விட வேண்டும். பத்துத் தடவை.

மூன்றாவது, குதிகாலுக்கு அடியில் மட்டும் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலுக்கு அடியில் எதுவும் இல்லாமல் கால் தன் கனத்திலேயே நேராகும்படி விடுவது. ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்துப் பத்து நிமிடம் வரை. பார்க்க ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். ஆனால் அத்தை அதிகமாகத் திட்டியது இந்தப் பயிற்சியைத்தான்!

நான்காவது, குதிகாலை இழுப்பது. கட்டிலில் உட்கார்ந்து, பாதத்தில் ஒரு நீளத் துண்டைக் கொக்கி போலப் போட்டு, இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு குதிகாலை மெல்லத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். போர்வையில் கால் உராய்ந்து தடைப்பட்டது. ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை ஒன்றைக் குதிகாலுக்கு அடியில் விரித்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. (கட்டிலில் மட்டும்தான். தரையில் நிற்கும்போது இந்தப் பைகள் கால் பக்கமே வரக்கூடாது.)

ஐந்தாவது, நாற்காலிப் பயிற்சி. கைப்பிடி உள்ள, நகராத நாற்காலியாக இருக்க வேண்டும். ஆபரேஷன் ஆன காலை எவ்வளவு பின்னால் இழுக்க முடியுமோ இழுத்துப் பாதத்தை ஊன்றிவிட வேண்டும். பிறகு பாதத்தை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் நாற்காலியின் முன்பக்கமாகக் கொஞ்சம் தள்ளினால், முழங்கால் தானாக இன்னும் மடங்கும். பத்து எண்ணும் வரை அப்படியே இருந்துவிட்டுப் பின்னால் வரவேண்டும். எங்கள் வீட்டில் அதிகப் பலன் தந்தது இதுதான். அடுத்தவர் கையால் அமுக்குவது போல பயமில்லை, எவ்வளவு தள்ளுவது என்பது அவர் கையிலேயே இருக்கிறது.

இவ்வளவும் ஒரு வேளைக்கு இருபது முப்பது நிமிடம். தினம் மூன்று வேளை. நடுவே வீட்டுக்குள் வாக்கரோடு நடை. எங்கள் பிசியோ பெண் வலி மாத்திரை நேரத்தையும் மாற்றியமைக்கச் சொன்னாள். டாக்டர் கொடுத்த அதே மாத்திரையை வலி வந்தபின் விழுங்காமல், பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு கொடுத்தோம். பயிற்சி முடிந்ததும் ஐஸ் கட்டிகளைப் பாலிதீன் பையில் போட்டு, மெல்லிய துணி சுற்றி, பதினைந்து நிமிடம் வைத்தோம். வீக்கம் வடிந்தால்தான் மூட்டு மடங்க இடம் கிடைக்கும்.

"மடக்கிற மெஷின் வாடகைக்குக் கிடைக்குதாமே?" என்று என் கணவர் கேட்டார். காலைத் தூக்கி வைத்தால் அதுவே மடக்கி நீட்டும் இயந்திரம். கனடா நாட்டு டாக்டர் ராபர்ட் சால்ட்டர் 1970-களில் உருவாக்கிய முறை அது. ஒரு காலத்தில் முழங்கால் ஆபரேஷன் ஆன பலருக்கும் இதைப் பூட்டுவார்களாம். பிற்பாடு நிறையப் பேரை வைத்துப் பார்த்ததில், அதனால் கூடுதலாக மடங்குவது மிகக் கொஞ்சமே என்று தெரிந்து இப்போது பல இடங்களில் விட்டுவிட்டார்கள். "மெஷின் மடக்கினா கால் மடங்கும், பாட்டி மடக்கினாத்தான் தொடைக்குப் பலம் வரும்" என்றாள் அந்தப் பெண்.

ஒரு வார்த்தை

சொல்ல எளிது. முதல் நான்கு நாள் எங்கள் வீடு வீடாக இல்லை. நான் துண்டோடு வருவதைப் பார்த்தாலே அத்தை கண்ணை மூடிக்கொள்வார். "அஞ்சு எண்ணுங்க அத்தை, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று நான் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நிற்பேன். ஐந்தாம் நாள் வலியில் அந்த வார்த்தை வந்துவிட்டது.

"உன் அம்மாவா இருந்தா இப்படிச் செய்வியா?"

நான் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். இருபத்திரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிறேன், ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது, நான் நிறுத்தவில்லை. போதும், மயக்க மருந்து கொடுத்தே மடக்கட்டும் என்றுகூட நினைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. வலிக்கும்போது 'போதும்' என்று நிறுத்தியதும் நான்தான். இப்போது 'இன்னும்' என்று விரட்டுவதும் நான்தான். அவர் காலுக்கு எது போதும், எது போதாது என்று அவரை ஒரு தடவைகூட நான் கேட்கவே இல்லையே!

உள்ளே போய், "அத்தை, நான் எண்ணலை. நீங்களே எண்ணுங்க. எத்தனை முடியுமோ அத்தனை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கேன், அவ்வளவுதான்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்துத் துண்டைத் தானே எடுத்துப் பாதத்தில் மாட்டினார். சத்தமாக எண்ண ஆரம்பித்தார். நான் ஐந்து சொன்ன இடத்தில் அவர் எட்டு வரை எண்ணினார்!

அன்றிலிருந்து அது அவருடைய வேலையாகிவிட்டது. கந்த சஷ்டி கவசம் மனப்பாடம் உண்டு. குதிகாலுக்குத் துண்டு வைத்து நீட்டியிருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு அதைச் சொல்லுவார், கடிகாரம் பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று. என் பையன் ஜியாமெட்ரி பாக்ஸ் பாகைமானியையும் இரண்டு ஸ்கேலையும் வைத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பாட்டியின் காலை அளப்பான். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அத்தை அதை எழுதி வைப்பார். முதல் ஞாயிறு 76. அடுத்த ஞாயிறு 83. ஒரு நாள் ஏறும், மறுநாள் வீக்கத்தில் நான்கைந்து குறையும். அதைப் பார்த்து மனம் தளரக்கூடாது, வாரக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும் என்று பிசியோ பெண் முன்பே சொல்லியிருந்தாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது முழங்காலுக்கே சொன்னது போலத்தான் இருக்கிறது.

நாத்தனார் போனில், "அம்மாவை ரொம்பப் படுத்துறியாமே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அத்தை போனை வாங்கி, "யாரும் என்னைப் படுத்தலை. நான்தான் என் காலைப் படுத்துறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பழைய வார்த்தை கரைந்து போயிற்று.

எட்டாவது வாரம் டாக்டர் அளந்தார். 92. நீட்டுவதில் குறை 5 டிகிரிதான். "இனி மயக்க மருந்து தேவையில்லை" என்றார். இப்போதும் அத்தை, "எனக்கு எழுபதா தொண்ணூத்திரண்டா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்!

எந்த வலி நல்ல வலி?

பயிற்சியின்போது இழுப்பது போல வலிக்கும். முடித்த பிறகு அரைமணி, ஒரு மணியில் தணிந்துவிடும். இது போகட்டும். அடுத்த நாள் காலை வரை வீங்கிச் சூடாக இருந்தால் முந்தின நாள் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். யாரையும் விட்டு முரட்டுத்தனமாக அமுக்கச் சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டு அம்மாள் விளக்கெண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு நீவிவிட வந்தார். புண் நன்றாக ஆறும் வரை எண்ணெயும் வேண்டாம், நீவுதலும் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் காபி கொடுத்து அனுப்பினேன்.

ஆனால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, தொட்டால் வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் நீர் அல்லது சீழ் வடிதல், சிவப்புப் பரவுதல் இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பது புண் ஆறுவதற்கு மிக மிக முக்கியம்.

வீட்டில் செய்துகொண்ட சில மாற்றங்கள்

குந்தி உட்காரும் கழிவறையை மாற்றி, உட்காரும் கழிவறையும் சுவரில் கைப்பிடியும் வைத்தோம். கால்மிதிகளைச் சுருட்டி எடுத்துவிட்டேன், வாக்கர் அதில் சிக்கும். குளிக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலி. அரிவாள்மனை பரணுக்குப் போயிற்று. அத்தை இப்போது மேஜை முன் உட்கார்ந்து கத்தியால் கீரை ஆய்கிறார். "கீரையை இப்படி நறுக்கினா ருசி வராது" என்ற புகார் மட்டும் இன்னும் ஓயவில்லை.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மூன்றாம் மாதம் 104, ஆறாம் மாதம் 110 வந்து நின்றது. சம்மணமிட்டுத் தரையில் உட்கார முடியாது. பந்தியில் எல்லாரோடும் இலை முன் உட்கார முடியவில்லையே என்று அவருக்குக் குறைதான். ஆனால் கோலம் உண்டு! கோலம் குந்தியா போடுகிறோம், காலை நேராக ஊன்றி இடுப்பில் குனிந்துதானே? அதற்குக் கால் மடங்குவது அல்ல, நீளுவதுதான் தேவை. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மார்கழி முதல் நாள் ஐந்து புள்ளி வைத்துச் சின்னதாக ஒரு கோலம் போட்டார். அந்தப் பத்து நிமிடத் துண்டுப் பயிற்சியை அதற்கப்புறம் அவர் திட்டவே இல்லை.

இந்த வருஷம் ஆடிப்பெருக்கு வந்தது. காலையில் நான் எழுந்திருக்கும்போதே அத்தை மஞ்சள் சேலை கட்டித் தயாராக இருந்தார். அம்மா மண்டபத்தில் ஒரே கூட்டம். ஒரு கையில் தடி, ஒரு கையால் என் தோள். ஒவ்வொரு படியாக, முதலில் ஆபரேஷன் ஆன கால், பிறகு நல்ல கால் என்று பிசியோ பெண் சொல்லிக்கொடுத்தபடி இறங்கினார். ஈரப் படி ஆரம்பிக்கும் இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். "போதும் அத்தை, கீழே வழுக்கும்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இப்ப நீ சொல்ற போதும் சரிதான்" என்றார்.

பையன் கீழே போய்ச் சொம்பில் காவேரித் தண்ணீர் மொண்டு வந்தான். அத்தை கொஞ்சம் தலையில் தெளித்துக்கொண்டு, மீதியைத் தன் முழங்காலில் ஊற்றிக்கொண்டார்.